உங்களுக்குத் தெரியுமா? காவலர்கள் ஏன் சிறையை விட்டுப் போகிறார்கள்

2025 பிப்ரவரியில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலச் சிறைக் காவலர்கள், சங்கத்தின் ஒப்புதல்கூட இல்லாமல் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தனிமைச் சிறையைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை எதிர்த்ததோடு, பணியிடப் பாதுகாப்பும் கேட்டார்கள். ஆனால் ஆளை அரித்துத் தின்றது கட்டாய ஓவர்டைம்தான். ஷிஃப்ட் முடிந்து கிளம்பும்போது, மாற்று ஆள் இல்லை என்று நிறுத்திவிடுவார்கள். சில சமயம் 24 மணி நேரம்வரை நீளும். ஒருவர் விலகினால் அவர் ஷிஃப்டும் மிச்சமிருப்பவர் தலையில். அவரும் எத்தனை நாள் தாங்குவார்? சுமார் மூன்று வாரப் போராட்டத்தின் முடிவில் 2,000-க்கும் மேற்பட்டோரை அரசு நீக்கியது. ஆள் பற்றாக்குறை இன்னும் மோசமானது; வேலைநிறுத்தத்தின்போது காவலர்களுக்குப் பதிலாக வந்த நேஷனல் கார்டு படையினர் சிறைகளில் தொடர்ந்து நிற்க வேண்டியதாயிற்று.