முக்கோணவியல் பிரதியிடலில் கோண இடைவெளியும் மட்டுக்குறியும்

திறவுச்சொற்கள்: தொகையிடல், பிரதியிடல், மட்டு, சீகண்ட் சார்பு, முதன்மை மதிப்பு

முன்னுரை

வர்க்கமூலக் குறிக்குள் இருபடிக் கோவை அமைந்த சார்புகளைத் தொகையிட, மாறியின் இடத்தில் ஒரு கோணத்தின் முக்கோணவியல் சார்பை இடுவது தொகை நுண்கணிதத்தில் பழகிய முறையாகும். மாறிலியின் வர்க்கத்திலிருந்து மாறியின் வர்க்கம் கழிக்கப்படின் சைன், இரண்டும் கூட்டப்படின் டேன்ஜெண்ட், மாறியின் வர்க்கத்திலிருந்து மாறிலியின் வர்க்கம் கழிக்கப்படின் சீகண்ட் என மூவகையும் அட்டவணையாக மனனம் செய்யப்படுகின்றன. கோணம் எந்த இடைவெளியில் இயங்குகிறது என்பது அம்மனனத்தில் எளிதில் நழுவிவிடும். அதனால் விடை பிழையாகும் இடங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

ஐந்து மடங்கான பரப்பு

√(25 − அ²) என்னும் சார்பை 0 முதல் 5 வரை தொகையிட்டால் 5 அலகு ஆரமுள்ள வட்டத்தின் கால்பகுதிப் பரப்பு, அதாவது 25பை/4 கிடைக்கும். அ = 5 சைன் க எனப் பிரதியிடுக. மேல் எல்லைக்குச் சைன் க = 1 ஆகவேண்டும்; பை/2, 5பை/2 இரண்டுமே இதனை நிறைவு செய்கின்றன. 5பை/2 கொண்டு 25 கொசைன்² க என்பதைத் தொகையிட்டால் 125பை/4 வருகிறது. இது உண்மைப் பரப்பின் ஐந்து மடங்கு.

பிழைக்குக் காரணம் எல்லையே என்று கருதுவது இயல்பு. அது முழு உண்மையன்று. வர்க்கமூலம் தருவது 5 கொசைன் க அன்று, 5|கொசைன் க|. மட்டுக்குறியைக் காத்துக் கணக்கிட்டால் 5பை/2 என்னும் எல்லையிலும் 25பை/4 என்ற சரியான விடையே வரும். இடையில் மிகையும் குறையும் தம்முள் நீங்கிவிடும். ஆகவே வரையறுத்த தொகையில் ஒன்றுக்கு ஒன்றான தன்மை கட்டாயமன்று. கோணம் −பை/2 முதல் பை/2 வரை அடங்குமாயின் கொசைன் குறையெண் ஆகாது என்பதால்தான் மட்டுக்குறியைக் கைவிட முடிகிறது. டேன்ஜெண்ட் பிரதியிடலுக்கும் இவ்விளக்கம் பொருந்தும்.

சீகண்ட் பிரதியிடல்

சிக்கல் கூர்மையடைவது இங்கேதான். √(அ² − 9)/அ என்பதை −6 முதல் −3 வரை தொகையிட வேண்டும் எனக் கொள்க. இவ்விடைவெளியில் சார்பு எங்கும் மிகையெண் ஆவதில்லை. எனவே விடை குறையெண்ணாகவே அமையவேண்டும். அ = 3 சீகண்ட் க எனப் பிரதியிட, தொகையிட வேண்டிய கோவை 3|டேன்ஜெண்ட் க| டேன்ஜெண்ட் க ஆகிறது. நேர்மாறு சீகண்டின் வீச்சகம் 0 முதல் பை வரை (பை/2 நீங்கலாக) எனக் கொண்டால் எல்லைகள் 2பை/3, பை. மட்டுக்குறியை மறந்து 3 டேன்ஜெண்ட்² க எனத் தொகையிட்டால் 3√3 − பை, ஏறத்தாழ 2.05, கிடைக்கிறது. சரியான விடை பை − 3√3. எண்ணளவு பிழையற்றிருக்கக் குறி மட்டும் மாறியிருப்பதால், திருத்துவோர் கண்ணுக்கும் இது தப்பக்கூடும்.

பாடநூல்கள் இங்கு ஒருமித்து நிற்கவில்லை. தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமத்தின் 12ஆம் வகுப்பு நூல் மேற்கண்ட வீச்சகத்தையே கொள்கிறது. கல்லூரிகளில் வழங்கும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் நுண்கணித நூலோ குறையெண்களுக்குப் பை முதல் 3பை/2 வரையுள்ள பகுதியைத் தேர்கிறது. அங்கு டேன்ஜெண்ட் மிகையெண் என்பதால் மட்டுக்குறி தேவையில்லை. எல்லைகள் 4பை/3, பை ஆகிப் பை − 3√3 நேரடியாகக் கிடைக்கிறது. நேர்மாறு சீகண்டின் வகைக்கெழுவில் ஒரு நூலில் மட்டுக்குறி இருப்பதும் மற்றொன்றில் இல்லாதிருப்பதும் இவ்வேறுபாட்டால்தான். பள்ளியில் ஒன்றையும் கல்லூரியில் மற்றொன்றையும் பயிலும் மாணவர், ஒரு நூலின் வீச்சகத்தை மற்றதன் வாய்பாட்டோடு கலந்துவிடுவது வியப்பன்று.

வரையறாத் தொகையில் பழைய மாறிக்குத் திரும்பச் செங்கோண முக்கோணம் வரைவது வழக்கம். அப்படம் குறுங்கோணத்திற்கு மட்டுமே உரியது. அ குறையெண்ணாயின் கர்ணத்தின் நீளமே குறையெண்ணாகிவிடும். மேற்கண்ட சார்புக்கு √(அ² − 9) − 3 நேர்மாறு சீகண்ட்(|அ|/3) என எழுதினால் இருபுறமும் பொருந்தும். எனினும் −3, 3 இவற்றுக்கு இடையே சார்பு வரையறுக்கப்படாமையால், தொகையிடல் மாறிலி இரு பகுதிகளிலும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை.