மலபார் தேக்கில் கட்டிய போர்க்கப்பல் 200 ஆண்டுகளாக மிதப்பது எப்படி? பழைய கப்பல்களைக் காக்கும் தன்னார்வலர்களின் பணி என்ன?

பாலக்காடு: இந்தியாவின் முதல் விமானந்தாங்கிக் கப்பலான ஐ.என்.எஸ். விக்ராந்த் 2014-ஆம் ஆண்டு உடைக்கப்பட்டது. ஆனால், மலபார் தேக்கைக் கொண்டு மும்பையில் கட்டப்பட்ட ஒரு போர்க்கப்பல் 1817 முதல் இன்றுவரை மிதந்துகொண்டிருக்கிறது. ஒன்று அழிந்ததற்கும் மற்றொன்று பிழைத்ததற்கும் என்ன காரணம்? தன்னார்வலர்களால் ஒரு போர்க்கப்பலைக் காக்க முடியுமா?

திருகோணமலையின் பெயரில் ஒரு கப்பல்

இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் நிற்கும் அக்கப்பலின் பெயர் எச்.எம்.எஸ். டிரிங்கோமாலி. 1782-இல் திருகோணமலை அருகே ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த கடற்போரின் நினைவாக இப்பெயர் சூட்டப்பட்டது. ஓக் மரத் தட்டுப்பாட்டால் பிரிட்டன் தனது போர்க்கப்பல்களை இந்தியாவில் கட்டத் தொடங்கியிருந்த காலம் அது. பார்சி கப்பல் கட்டுநரான ஜம்சேட்ஜி பொமன்ஜி வாடியாவின் மேற்பார்வையில் உருவான இக்கப்பல், 1817 அக்டோபர் 12-ஆம் தேதி நீரில் இறக்கப்பட்டது. மிதக்கும் நிலையில் உள்ள பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் இதுவே மிகப் பழையது.

காடுகள் கொடுத்த விலை

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ச் சத்து உண்டு. அதனால் எளிதில் உளுத்துப்போகாது. ஓக் மரத்தில் உள்ள அமிலம் இரும்பு ஆணிகளை அரிக்கும். தேக்கு அவ்வாறு அரிப்பதில்லை. இந்த அருமையே காடுகளுக்கு வினையாக முடிந்தது. கப்பல் கட்டுவதற்கான தேக்கை உறுதிசெய்ய, 1806-இல் கேப்டன் வாட்சன் மலபாரின் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார். மக்களின் எதிர்ப்பால் அப்பதவி 1823-இல் நீக்கப்பட்டது. பின்னர் 1840-களில் மலபார் ஆட்சியர் கனோலி, சாத்து மேனனின் துணையுடன் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் அமைத்தார்.

பாலக்காடு முதல் இடுக்கி வரை தமிழக எல்லையை ஒட்டி நீளும் ஆனைமலைத் தொடரிலும் மரம் வெட்டும் பணி தீவிரமாக நடந்தது. வெட்டிய மரங்களை மலையிலிருந்து சறுக்கிவிட்ட இடமே டாப்சிலிப் எனப் பெயர் பெற்றது. அதற்கு அப்பால், பாலக்காடு மாவட்டத்தின் பரம்பிக்குளத்தில் 'கன்னிமாரா தேக்கு' இன்றும் உயிரோடு நிற்கிறது. 6 மீட்டருக்கும் அதிகமான சுற்றளவு கொண்ட இம்மரத்தின் வயது சுமார் 450 ஆண்டுகள் எனக் கணக்கிடப்படுகிறது.

தன்னார்வலர்கள் செய்யும் பணி

பயிற்சிக் கப்பலாகப் பல தலைமுறைகளுக்குப் பயன்பட்ட டிரிங்கோமாலி, 1987-இல் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவரப்பட்டது. 1990-இல் தொடங்கிய சீரமைப்பு 2001-இல்தான் நிறைவடைந்தது. கப்பல் கட்டும் தொழில் நலிந்திருந்த அந்நகரின் தொழிலாளர்களே இப்பணியின் முதுகெலும்பாக இருந்தனர்.

இரும்புக் கப்பல்களில் தன்னார்வலர்களின் பங்கு இன்னும் பெரிது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தைச் சேர்ந்த யு.எஸ்.எஸ். ஸ்லேட்டர் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கிரேக்கக் கடற்படையில் பணியாற்றிவிட்டு 1993-இல் அமெரிக்கா திரும்பிய இக்கப்பலை, நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் முன்னாள் கடற்படையினரும் பொதுமக்களும் பல ஆண்டுகளாகச் சீரமைத்து வருகின்றனர்.

துருவைச் சுரண்டுதல், வண்ணம் பூசுதல், மின்கம்பிகளைச் சரிபார்த்தல், காணாமல்போன கருவிகளைத் தேடிப் பொருத்துதல், பார்வையாளர்களுக்கு விளக்கம் அளித்தல் ஆகியவை வழக்கமான பணிகள். ஆபத்துகளும் உண்டு. பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருப்பதால் அதைச் சுரண்டுவோருக்கு முகக்கவசம் கட்டாயம். நெடுங்காலம் மூடிக்கிடந்த அறைகளில் இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். எனவே காற்றைச் சோதிக்காமல் உள்ளே இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

விக்ராந்த் ஏன் பிழைக்கவில்லை?

1971 போரில் பங்கேற்ற விக்ராந்த், 1997-இல் ஓய்வுபெற்ற பின் மும்பையில் அருங்காட்சியகமாக விளங்கியது. பராமரிப்புச் செலவைத் தாங்க முடியாது என மகாராஷ்டிர அரசு கைவிரித்தது. கப்பலைக் காக்கக் கோரிய வழக்குகளும் பலனளிக்கவில்லை. ஐ.என்.எஸ். விராட் கப்பலும் 2020-இல் குஜராத்தின் அலங் கடற்கரைக்கு உடைப்பதற்காகக் கொண்டுசெல்லப்பட்டது.

நீருக்கு அடியில் உள்ள பகுதியைச் சீரமைக்க, கப்பலை உலர்துறையில் ஏற்ற வேண்டும். அதற்கான பெருந்தொகையையும் நிரந்தரமாக நிறுத்தும் இடத்தையும் தன்னார்வலர்களின் உழைப்பால் மட்டும் ஈடுகட்ட இயலாது. உழைப்பு, செலவைக் குறைக்கும், முதலீட்டுக்கு மாற்றாகாது.

நீரில் மிதக்கவிடாமல் கரையேற்றினால் இச்செலவு குறையும். விசாகப்பட்டினத்தில் 2002 முதல் அருங்காட்சியகமாக உள்ள ஐ.என்.எஸ். குர்சுரா நீர்மூழ்கியும், 2021-இல் ஆலப்புழை கடற்கரைக்குக் கொண்டுவரப்பட்ட கடற்படை ரோந்துப் படகும் இவ்வழியில் காக்கப்பட்டவை. குர்சுராவில் ஓய்வுபெற்ற கடற்படையினரே வழிகாட்டிகளாக உள்ளனர்.

பெரிய கப்பல்களுக்கு இந்த வழி எளிதன்று. எனவே அடுத்த கப்பல் ஓய்வுபெறும் முன்பே நிதியையும் இடத்தையும் உறுதிசெய்வது அவசியம். அவை இருந்தால் மட்டுமே தன்னார்வலர்களின் கைகளுக்கு வேலை இருக்கும்.