வேகங் குன்றிய கணினியும் உணரியின் சாட்சியமும்

கணினி வேகங் குன்றியதும் அது பழையதாகிவிட்டது எனத் தீர்ப்புக் கூறுவது வழக்கமாகிவிட்டது. விற்பனையாளருக்கு வாய்ப்பான தீர்ப்பு அது. ஆயின் சில ஆண்டுகள் உழைத்த காரணத்தால் முறைவழியாக்கி தளர்ந்துவிடுவதில்லை. பல வேளைகளில் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கின்றது. இவ்வேறுபாட்டை உணராமையாலேயே நல்ல நிலையிலுள்ள பொறிகள் பலவற்றை நாம் கழித்துவிடுகின்றோம்.

2000 ஆம் ஆண்டில் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட பென்ரியம் 4, வெப்பம் எல்லை மீறுமிடத்துத் தன் இயக்கத்தைத் தணிக்கும் ஏற்பாட்டைக் கொண்டிருந்தது. 2001 இல் நடந்த ஒரு சோதனையில், இயங்கிக்கொண்டிருந்த கணினிகளின் வெப்பநீக்கி அகற்றப்பட்டது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் அத்லோன் சில்லு புகைந்து அழிந்தது. பென்ரியம் 4 மந்தமாகியதேயன்றி அழியவில்லை. இங்கு மந்தம் நோயன்று, தற்காப்பு.

அத்தற்காப்புக்கு மெய்யான காரணம் உண்டா என்பதே வினா. இதனை அறிய, பாரமான வேலையொன்றைக் கொடுத்து, வெப்பநிலையையும் மீடிறனையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். பல முறைவழியாக்கிகளின் எல்லை 100 பாகை செல்சியசை அண்டியது. அதனைத் தொட்ட பின் வேகம் வீழுமாயின், தூசி படிந்த வெப்பநீக்கி, உலர்ந்த வெப்பப்பசை, தேய்ந்த விசிறி ஆகியவற்றையே ஐயுறல் தகும். இவற்றைச் சீர்செய்யப் பெருஞ் செலவில்லை.

வெப்பநிலை 45 பாகையில் நிற்க, மீடிறன் 800 மெகாஹேர்ட்சிலோ அதனினும் கீழோ உறைந்து கிடப்பின் நிலைமை வேறு. இன்ரெல் முறைவழியாக்கிகளில் வெப்ப மிகுதியை அறிவிக்கும் ‘புரொக்ஹொற்’ எனுஞ் சமிக்ஞை உண்டு. அது இருவழிப்பட்டது, தாய்ப்பலகையின் பிற உறுப்புகளும் அதனை எழுப்பலாம். பலகையிலுள்ள உணரியொன்று பழுதுற்றாலும், சில மடிக்கணினிகளில் மின்னேற்றி இனங்காணப்படாவிடினும், முறைவழியாக்கிக்குப் பொய்யான எச்சரிக்கை சென்றடையும். அதன் மெய்ம்மையை ஆராயும் வழி முறைவழியாக்கியிடம் இல்லை. அது கீழ்ப்படிகின்றது, அவ்வளவே.

எனவே முதலில் மின்னேற்றியைக் கழற்றி மின்கலத்தில் இயக்கிப் பார்க்கவேண்டும். பின்னர் பொருத்தமான வேறொரு மின்னேற்றியை இணைக்கலாம். வேலைப்பாரம் மாறியும் அசையாது ஒரே எண்ணைக் காட்டும் உணரியின் சாட்சியம் ஐயத்துக்குரியது. இச்சமிக்ஞையைப் புறக்கணிக்கச் செய்யும் மென்பொருள்களும் உள. அவற்றைச் சோதனைக்கன்றி நிரந்தரத் தீர்வாக நாம் பரிந்துரையோம். எச்சரிக்கை மெய்யாயின் எரிவது பலகையின் மின்னழுத்தச் சீராக்கியாகும். உணரியே பழுதெனத் தெரிந்தால், அதனை மட்டும் மாற்றவல்ல திருத்துநரைத் தேடிய பின்னரே பலகை முழுவதையும் மாற்றுவது பற்றிப் பேசலாம்.