வேன் கூரையில் சோலார் பேனல்: ஃபேன் ஓடும், ஏ.சி. ஓடுமா?

சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் திண்டிவனம், விழுப்புரம் வழியாகப் போகும் டூரிஸ்ட் வேன்களை வீடு மாதிரி மாற்றி, கூரையில் சோலார் பேனல் மாட்டலாமா? மாட்டலாம். ஆனா சில விஷயங்களைத் தெரிஞ்சுக்கணும்.

இது புதுசா?

இல்லை. 2017 ஜூலையில் டெல்லியில் அறிமுகமான டெமு ரயிலின் பெட்டிகள், நம்ம சென்னை ஐ.சி.எஃப்-இல் தயாரானவை. ஒவ்வொரு பெட்டியின் கூரையிலும் 300 வாட் பேனல்கள் 16 இருந்தன. லைட், ஃபேன் சோலாரில் ஓடின. ரயிலை இழுத்தது டீசல்தான். வேனுக்கும் அதே கணக்குதான்.

எவ்வளவு கரண்ட் கிடைக்கும்?

200 வாட் பேனல், நல்ல வெயில் நாளில் இழப்பு போக சுமார் 600 முதல் 700 வாட்-ஹவர் தரும். 28 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் 8 மணி நேரம் ஓட 224 போதும். லைட், போன் சார்ஜிங்கும் சமாளிக்கலாம். ஆனா 1 டன் ஏ.சி. சுமார் 1,000 வாட் இழுக்கும். ஒரு நாள் சேமிப்பு ஒரு மணி நேரம்கூட தாங்காது.

நிழலில் நிறுத்தலாமா?

மே மாத வெயிலில் புளியமரத்தடி சுகம்தான். ஆனா பேனலின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே உற்பத்தி கணிசமாகக் குறையும். அதிக சூடும் ஆகாது: 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் போகும். அதனால கூரைக்கும் பேனலுக்கும் நடுவே காற்று போக இடைவெளி அவசியம்.

எப்படி மாட்டணும்?

இதுதான் முக்கியம். 100 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 45 கிலோ. பேனல் பிய்த்துக்கொண்டு பறந்தால் பின்னால் வரும் பைக்காரர் உயிருக்கே ஆபத்து. எனவே வெறும் பசையை நம்பாதீங்க. கூரையின் உட்சட்டத்தோடு போல்ட் போட்டு, துளைகளை சீலன்ட் வைத்து அடையுங்க. பேட்டரிக்குப் பக்கத்தில் ஃப்யூஸ் கட்டாயம். நீண்ட பயணத்துக்கு முன்னாடி நட்டுகளை சரிபாருங்க.

ஆர்.டி.ஓ. அனுமதி வேணுமா?

ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. வண்டியின் எடையும் ஆர்.சி.யில் உண்டு. விதிமீறிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டுமே விதிக்கலாம். அதனால வேலையை ஆரம்பிக்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும், இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் கேட்டுடுங்க.

மானியம் உண்டா?

பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம் வீட்டுக் கூரைக்குத்தான். வேனுக்கு முழுச் செலவும் உங்களுடையதே.