படத்துள் உறையும் இடம்

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து ஆலையொன்றில் 2019 முதல் ஐபோன்கள் உருவாகி வருவதை நேயர்கள் அறிவர். இத்தகைய கைப்பேசி எடுக்கும் படம், நாம் இசைவளித்திருப்பின், எடுத்த இடத்தையும் தன்னுள் குறித்துக்கொள்கிறது. எங்ஙனம்? ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுழலும் செயற்கைக்கோள்கள் அணுக்கடிகார நேரத்தை ஓயாது ஒலிபரப்புகின்றன. நம் வானொலி மணி அறிவிப்பதைப் போன்றதே இதுவும். குறைந்தது நான்கு கோள்களின் குறிகள் வந்துசேர்ந்த காலத்தைக் கொண்டு கைப்பேசி தன் இடத்தைக் கணிக்கிறது. அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் படக்கோப்பிற்குள் பதிகின்றன; பார்ப்பவர் கண்ணுக்கு அவை புலப்படா. ஸ்ரீபெரும்புதூருக்கு வடக்கு 13 பாகை, கிழக்கு 80 பாகை என்பது தோராயம். பாகையின் நான்காம் தசம இடமோ 11 மீட்டர் அளவுக்கு நுணுகிவிடும். ஏறக்குறைய ஒரு வீட்டின் அளவு.

2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி ஊரக வீட்டுத் திட்டத்தில், கட்டடம் எழும் கட்டங்களை இடக்குறியுடன் படமெடுத்த பின்னரே தவணைத் தொகை கிடைக்கும். அங்கே அவ்வெண்கள் ஏழைக்குச் சான்று. ஆனால் ஆலைத் தொழிலாளியான பெண்ணொருத்தி, தன் விடுதி அறையில் எடுத்த படத்தை முன்பின் அறியாதார்க்கு அனுப்பினால், தங்குமிடத்தையே சொல்லிவிட்டவள் ஆகலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புகையில் அவ்வெண்கள் நீங்கிவிடுகின்றன. ஆவணமாக அனுப்பினால் நீங்கா. கேமராவுக்கு இருப்பிடம் அறியும் இசைவைக் கைப்பேசி அமைப்புகளிலேயே நிறுத்திவிடலாம். முன்னரே எடுத்த படங்களில் பதிந்தவற்றைத் தனியே நீக்க வேண்டும்.