‘டாங்கு’ என்னும் சொல்லும் கம்பம் பள்ளத்தாக்கின் நீர்நிலைப் பெயர்களும்

ஆங்கிலத்தில் ‘டாங்கு’ என வழங்கும் சொல்லுக்குக் குளம், ஏரி, தொட்டி என அகராதிகள் பொருள் கூறும். பழைய ஆங்கில ஆவணங்களைத் தமிழாக்குவோர் இம்மூன்றனுள் ஒன்றைப் பெய்து மேற்செல்வர். தேனி, உத்தமபாளையம், கம்பம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த நாட்டைப் பற்றிய ஆவணமாயின் அங்ஙனம் பெய்தல் பெரும்பாலும் பொருந்தாது. 1906-இல் வெளிவந்த பிரான்சிசு என்பாரது மதுரை மாவட்ட விவரச்சுவடி, அந்நாட்டுப் பாசன நீர்நிலைகளை எல்லாம் ‘டாங்கு’ என்ற ஒரு பெயராலேயே குறிக்கின்றது. அந்நிலத்து உழவனோ அவற்றைக் கண்மாய் என்பான். சிலவற்றைக் குளம் என்பான். ஊருணியை ஊருணி என்றே கூறுவான். ஏரி என்று எதனையும் எளிதிற் கூறான். இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. பொருளளவிலும், அண்மைக்காலத்தே சட்டத்தளவிலும் அது சென்று முட்டுதலின், ஈண்டு அதனை ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் ஆங்கிலச் சொல்லின் வரலாற்றைக் காண்போம். ‘டாங்கு’ ஆங்கிலத்துட் புகுந்தது 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புகுந்தது இந்தியாவினின்று. அக்காலத்து அதன் பொருள் இந்நாட்டு நீர்நிலை என்பதே. இரும்பாலும் மரத்தாலும் செய்த நீர்க்கலத்தை அது குறிக்கத் தொடங்கியது பிற்பாடு. அதன் மூலத்தைப் பற்றி இருவேறு கருத்து உண்டு. குசராத்தி, மராத்தி மொழிகளில் நீர்த்தேக்கத்தைக் குறிக்கும் ‘டாங்கி’ முதலிய சொற்களினின்று வந்தது என்பது ஒன்று. போர்த்துக்கீசியத்தில் குளத்தைக் குறிக்கும் ‘தாங்கெ’ என்பதினின்று வந்தது என்பது மற்றொன்று. பின்னதன் முழுவடிவு ‘எசுதாங்கெ’ என்பது. ஓடுவதைத் தடுத்து நிறுத்துதல் என்னும் பொருளுடைய வினையினின்று பிறந்தது. தேங்கிய நீரைக் குறிக்கும் ஆங்கில ‘சுடாக்னன்டு’, குருதியோட்டத்தை நிறுத்துதலைக் குறிக்கும் ‘சுடான்ச்’ என்பனவும் அதனோடு உறவுடையன என்பர். மேலைக் கடற்கரையில் இரு மொழிச் சொற்களும் ஒன்றையொன்று சந்தித்து ஒன்றாயின எனக் கொள்வதே எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. யூல், பர்னல் என்னும் இருவரும் தொகுத்து 1886-இல் வெளிவந்த ‘ஆப்சன் சாப்சன்’ என்னும் ஆங்கில-இந்தியச் சொல்லகராதி இச்சொல்லுக்குத் தனிப்பதிவு கொடுத்துள்ளது. ‘டாங்கர்டு’ என்னும் மதுக்கிண்ணப் பெயரை இதனோடு உறவுபடுத்தல் கூடாது. அது 14-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் வழங்கிய சொல்லாதலின் இந்திய நீர்நிலைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

முதல் உலகப்போரில் இச்சொல் மற்றொரு பொருளையும் ஏற்றது. 1915-இல் ஆங்கிலேயர் கவசவண்டி ஒன்றை மறைவாகச் செய்து வந்தனர்; அது நீர்த்தொட்டி எனப் பிறர் எண்ணுமாறு ‘டாங்கு’ என்ற பொய்ப்பெயர் இட்டனர். 1916 செப்டம்பர் 15-இல் அவ்வண்டி சோம் போர்க்களத்தில் இறங்கிய பின்னும் பெயர் மாறவில்லை. நம் நாட்டுக் குளத்தின் பெயர் இங்ஙனம் போர்க்கருவியின் பெயராயிற்று.

தமிழகத்தில் இதனைப் பீரங்கி வண்டி என்றும் தகரி என்றும் மொழிபெயர்ப்பர். ஈழத்துத் தமிழர் ‘தாங்கி’ என்பர். நீர்த்தொட்டியையும் அவர் ‘தண்ணீர்த் தாங்கி’ என்றே வழங்குவர். கடன்சொல், ‘தாங்கு’ என்னும் தமிழ்வினையின் சாயலை ஏற்றுத் தமிழ்ச்சொல்லே போல் நிற்கும் திறம் ஈண்டு நோக்கத்தக்கது. ஆனால் இச்சாயலே ஒரு மயக்கத்திற்கும் இடந்தருகின்றது. தொண்டைநாட்டில் சிறிய ஏரியைத் ‘தாங்கல்’ என்பர். பழவந்தாங்கல் முதலிய ஊர்ப்பெயர்களில் அது விளங்குகின்றது. இத்தாங்கலே ‘டாங்கு’ ஆயிற்று என எவரேனும் கூற முற்படின், அது ஒலியொப்புமை ஒன்றையே பற்றிய கூற்றாகும். ஆங்கிலச் சொல் வந்த வழி மேலைக்கடற்கரை. தாங்கல் வழங்கும் நிலம் கீழைக்கடற்கரை. இடைப்பட்ட வடிவம் ஒன்றேனும் காட்டப்படாதவரை அக்கூற்று ஏற்கத்தக்கதன்று.

இனிக் ‘கண்மாய்’ என்னும் சொல்லுக்கு வருவோம். பாண்டிநாட்டுக்கே சிறப்பாக உரிய இச்சொல், கண், வாய் என்னும் இரண்டும் கூடிய கண்வாய் என்பதன் திரிபு. கண் என்பது ஈண்டுத் துளையைக் குறிக்கும். பாலத்தின் திறப்பைக் கண் என்பதும், மதகின் துளையைக் கண் என்பதும் இன்றும் வழக்கு. ஆகவே கண்வாய் முதலில் குறித்தது நீர்நிலையை அன்று. கரையடியில் நீர் வெளிப்படும் துளைவாயையே. பின்னர் அவ்வுறுப்பின் பெயர் நீர்நிலை முழுவதற்கும் ஆயிற்று. சினையாகுபெயர் என இலக்கண நூலார் கூறுவது இதுவே. ணகரத்தின் மூக்கொலி அடுத்து நின்ற வகரத்தைப் பற்றி மகரமாக்கக் கண்மாய் ஆயிற்று. அம்மகரம் திரும்ப ணகரத்தைத் தன்மயமாக்கக் கம்மாய் என்ற பேச்சுவடிவு பிறந்தது. விழி முழி எனவும், விழுங்கு முழுங்கு எனவும் பேச்சில் வருவன வகரம் மகரமாதற்கு வேறு சூழலிற் காணும் சான்றுகள். மலையிடை வழியைக் குறிக்கும் ‘கணவாய்’ என்பதற்கும் அடி இதுவே எனக் கொள்ள இடமுண்டு. மலையில் வழி விடும் குறுகிய வாய் ஒன்று. கரையில் நீர் விடும் குறுகிய வாய் மற்றொன்று. குமுளியிலும் போடிமெட்டிலும் மலைவழியும், அடிவாரத்தில் கண்மாயும் ஒருங்கே உடைய இந்நாட்டில் இவ்விரு சொல்லும் அருகருகே வழங்குதல் காண்க.

நீர்நிலைக்குப் பெயரிடுங்கால் மக்கள் எதனைக் கருதினர் என்பதே இவ்வாராய்ச்சியில் பயன் மிக்க வினா. கண்மாய் என்றவர் நீர் வெளிச்செல்லும் வாயைக் கருதினர். அஃதாவது வயலில் நின்று நோக்கினர். நீரைத் தடுத்தலைக் கருதி எழுந்த பெயரும் திராவிட மொழிகளில் உண்டு. தமிழில் அணையையும் கரையையும் குறிக்கும் ‘சிறை’ மலையாளத்தில் ‘சிற’ என நிற்கும். கன்னடத்தில் ‘கெறெ’ எனவும் தெலுங்கில் ‘செறுவு’ எனவும் நீர்நிலையையே அது குறிக்கும். முன்னுயிர்க்கு முன் கன்னடத்தில் நிலைத்த ககரம் ஏனையவற்றில் சகரமாதல் மொழிநூலார் நன்கறிந்த திரிபு. கம்பம் பள்ளத்தாக்கில் தமிழோடு தெலுங்கையும் கன்னடத்தையும் இல்லமொழியாக உடையார் பலர் வாழ்கின்றனர். மேற்கே மலையைக் கடந்தால் மலையாளம். ஆதலின் இந்நான்கு வடிவும் ஒருநாட்பயண எல்லைக்குள் கேட்கலாகும். தடுத்தல் என்னும் அடிப்பொருளால் இச்‘சிறை’ போர்த்துக்கீசியச் சொல்லோடு ஒத்து நிற்றலும் வியத்தற்குரியது. இரண்டற்கும் பிறப்புறவு இல்லை. கருத்தொற்றுமை மட்டுமே உண்டு.

குளம் என்னும் சொல் இந்நாட்டில் வேறொரு நிலையை அடைந்துள்ளது. பெரியகுளம், தாமரைக்குளம், கருங்கட்டான்குளம் என ஊர்ப்பெயர்களின் ஈற்றில் அது நிலைபெற்றது. கூடலூரில் ‘ஒட்டான்குளம்’ என நீர்நிலைக்கே பெயராயிற்று. ஆயினும் வகைப்பெயராக வேண்டும்போது மக்கள் கண்மாய் என்பதையே சேர்ப்பர். ஒட்டான்குளம் கண்மாய் என்று வழங்குதல் கூறியது கூறல் ஆகாது. குளம் சிறப்புப்பெயரின் உறுப்பாகித் தன் வகைப்பொருளை இழந்தமையின், கண்மாய் அவ்விடத்தை நிரப்பிற்று. தேனி நகரை ஒட்டிய ‘மீறுசமுத்திரம் கண்மாய்’ இதனை இன்னும் தெளிவாக்கும். பெரிய நீர்நிலையைக் கடலாகப் புனைந்து சமுத்திரம் என்றல் தென்னாடெங்கும் உள்ள மரபு. 12-ஆம் நூற்றாண்டில் இலங்கையில் பொலனறுவையில் அமைந்த பராக்கிரம சமுத்திரமும் அம்மரபினதே. ‘மீறுசமுத்திரம் டாங்கு’ என்று எழுதியவர் மூன்று சொற்களின் வரலாற்றையும் ஒருங்கே மறைத்தாராவர்.

ஏரி என்பது வடதமிழகத்தின் சொல். உத்தரமேரூரிலுள்ள முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளில் (கி.பி. 919, 921) ஏரி வாரியம் குறிக்கப்படுதல் அதன் பழமைக்குச் சான்று. கம்பம் பள்ளத்தாக்கினர்க்கு ஏரி என்றதும் நினைவுக்கு வருவன தேக்கடி ஏரியும் கொடைக்கானல் ஏரியுமே. முன்னது 1895-இல் முடிந்த பெரியாற்று அணையின் தேக்கம். பின்னது 1863-இல் செய்யப்பட்டது. இரண்டும் செயற்கையாயினும் ஆங்கிலத்தில் அவற்றின் பெயர் ‘டாங்கு’ அன்று, ‘லேக்கு’ என்பதாம். ஆகவே பள்ளத்தாக்கின் பாசனக் கண்மாயை ஏரி என மொழிபெயர்ப்பின், அந்நிலத்துப் படிப்போன் மலைமேல் உள்ள காட்சிநீரையே எண்ணுவான்.

ஊருணி, குட்டை, தெப்பக்குளம் என்பவற்றை விரிக்க வேண்டுவதில்லை. ஊரார் உண்ணும் நீரை உடையது ஊருணி. திருக்குறளில் ஒப்புரவறிதல் அதிகாரத்திலேயே பயின்ற பழஞ்சொல். உண்ணும் நீரையும் உழவு நீரையும் பெயராலேயே பிரித்த தமிழின் நுட்பம் ‘டாங்கு’ என்பதில் இல்லை என்பது மட்டும் குறிக்கத்தக்கது. இவ்வளவிலேனும் ஆங்கிலம் நம்மிடம் கடன்பட்டது உண்டு: அணைக்கட்டு ‘அனிகட்’ ஆகவும், ஆயக்கட்டு ‘அயகட்’ ஆகவும் பொறியியல் ஏடுகளில் ஏறின. கரைக்கு அவர் எடுத்த ‘பண்டு’ வடநாட்டு வழியாக வந்த பாரசீகச் சொல். மடை, உள்வாய், வரத்துக்கால் என்பன அவ்வாறு ஏறவில்லை. வரிக்கணக்கிற்கு வேண்டியவை ஏறின, நீர்பாய்ச்சியின் கைத்தொழிற்சொற்கள் நின்றுவிட்டன என்று கருதுகின்றோம்.

இனிச் சட்டத்தைக் காண்போம். தமிழகத்தில் 40 எக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுடைய நீர்நிலைகள் பொதுப்பணித்துறையின்கீழும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களின்கீழும் இருந்து வந்தன; 2021-இல் முன்னவை புதிதாகப் பிரிந்த நீர்வளத்துறையின் பொறுப்பாயின. நீர்நிலைகளில் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் இயற்றிய சட்டம், தன் ஆங்கில முகப்பிலேயே, பொதுப்பணித்துறையின் கட்டுப்பாட்டில் உள்ள ‘டாங்குகள்’ பற்றியது எனத் தன்னை வரையறுத்துக்கொள்கின்றது. அகராதியில் அத்தனை அகன்ற சொல் சட்டத்தில் இத்தனை சுருங்கிற்று. ஒன்றியத்தின் சிறு கண்மாயும், ஊராட்சியின் ஊருணியும், குட்டையும் அதன் எல்லைக்குள் வாரா; அவற்றிற்கு 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் முதலிய பிறவற்றையே நாட வேண்டும்.

இச்சட்டத்தைத் தமிழில் ‘ஏரிகள் பாதுகாப்புச் சட்டம்’ என வழங்குவது மயக்கத்தை இரட்டிக்கின்றது. 18-ஆம் கால்வாயினின்று நீர்பெறும் கண்மாய் ஒன்றின் கீழ் உழுவோன், ஏரி பற்றிய சட்டம் தன் கண்மாய்க்கு உரியது என அறியான். ஊருணியைக் காக்க விரும்புவோன், அது தன் ஊருணிக்கும் உரியது எனப் பிறழ உணர்வான். சட்டத் தமிழாக்கத்தில் ‘டாங்கு’ வருமிடத்து, அஃது எத்துறையின் பொறுப்பில் உள்ளது, எவ்வளவு ஆயக்கட்டுடையது, அவ்வட்டாரத்து அதன் பெயர் யாது என்னும் மூன்றனையும் உசாவியே சொல் தெரிதல் வேண்டும். தேனி மாவட்டத்திற்கு வெளியிடும் அறிவிப்புகளில் ‘கண்மாய்’ என்பதை முன்வைத்து, ‘ஏரி’ என்பதைச் சட்டப்பெயரின் உறுப்பாக மட்டும் நிறுத்தல் தகும்.

பட்டமேற்படிப்பு மாணாக்கர்க்கு ஒன்று கூறி அமைவோம். ஆங்கிலப் பாசன நூல்களில் ‘கம்பம் டாங்கு’ எனப் புகழ்ந்து கூறப்படுவது நம் பள்ளத்தாக்கில் உள்ளதன்று. அஃது ஆந்திர நாட்டில் குண்டலகம்மா ஆற்றைத் தடுத்து அமைத்த, விசயநகர வேந்தர் காலத்துப் பெருநீர்நிலை. இரண்டு ஊர்ப்பெயரையும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலால் எழுதுவர். அந்நீர்நிலையைத் தெலுங்கர் கம்பம் செறுவு என்பர். அதனைத் தமிழாக்குங்கால் கண்மாய் எனவும் ஏரி எனவும் பெயர்க்காது, செறுவு என்றே வைத்துக் குறிப்பு எழுதுதல் நன்று.