இளைப்பாறும் வயது

கண்டி மாநகரின் வடபால் மகியாவை மயானம் இருக்கிறது. அங்கே ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரரின் கல்லறை உண்டு. 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரத் தோட்டத்திலே தேயிலையைப் பெருந்தோட்டப் பயிராகச் செய்துகாட்டியவர் அவரே. பதினேழு வயதில் இத்தீவுக்கு வந்து நாற்பது ஆண்டுகளை மலையிலே கழித்த அவரை, இறுதியில் தோட்டத்து உரிமையாளர் வேலையினின்றும் விலகுமாறு பணித்தனர். 1892ஆம் ஆண்டு மே மாதம் 2ஆந் திகதி, ஐம்பத்தேழாவது வயதில், அவர் காலமானார். அவருடைய உடலைத் தொழிலாளர் முறைவைத்துத் தோள்மாற்றிக் கண்டிவரை சுமந்து வந்தனர்.

துரைக்கே அந்த நிலையென்றால், சுமந்து வந்தவர்களின் முதுமையைப் பற்றி என்ன சொல்வது? தோட்டத்துத் தொழிலாளிக்கு இளைப்பாறும் வயதென ஒன்று அக்காலத்தில் இருக்கவில்லை. கை ஓயும்வரை வேலை. ஓய்ந்தபின் பிள்ளைகளின் தயவு.

சட்டம் வெகுகாலம் தாழ்த்தே வந்தது. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இல் நிறைவேறிற்று. இன்று அந்நிதிக்கு ஊழியர் தம் சம்பளத்தில் நூற்றுக்கு 8 வீதமும், தொழில்கொள்வோர் 12 வீதமும் செலுத்துகின்றனர். அதனை மீளப்பெறும் வயது ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50. இவ்விரு எண்களும் நாளடைவில் வேலையைவிட்டு விலகும் வயதாகவே தனியார் துறையில் வழங்கலாயின. வேறு வயதைக் கட்டாயமாக்கும் சட்டம் அங்கே இருக்கவில்லை. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமே அக்குறையைத் தீர்த்தது. பதினைந்து பேரும் அதற்கு மேற்பட்டோரும் வேலைசெய்யும் இடங்களில் இளைப்பாறும் ஆகக்குறைந்த வயது 60 என அது விதித்தது.

இதனைப் பலர் பிழையாக விளங்கிக்கொண்டுள்ளனர். அறுபது வயதுவரை உழைத்தே தீரவேண்டுமென்று சட்டம் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. வயதைக் காரணங்காட்டி அதற்கு முன் ஒருவரை வீட்டுக்கு அனுப்பக்கூடாது என்பதே அதன் கருத்து. தாமாக விலக விரும்புவோர் முன்னரே விலகலாம்.

கண்டி நகரத்து வங்கியில் எழுதுவினைஞராக இருப்பவருக்கு இது நன்மையே. சம்பளத்துடன் மேலும் ஐந்தாண்டுகள் கிடைக்கின்றன. ஆனால் கொழும்பு வீதியில் நான்கைந்து பேரை வைத்து நடத்தப்படும் சிறுகடையின் விற்பனையாளரைச் சட்டம் எட்டுவதில்லை. அரசாங்க உத்தியோகத்தர் கதையோ வேறு. 2022இல் அவர்களுடைய வயதெல்லை 65 ஆக்கப்பட்டு, அவ்வாண்டின் முடிவிலேயே மீண்டும் 60 ஆயிற்று. இன்னும் ஐந்தாண்டு உண்டு என எண்ணிக் கடன்பட்டுக் காரியந் தொடங்கியவர்கள் திகைத்தனர். ஆயினும் ஓய்வூதியம் அவர்களுக்கு உண்டு.

தோட்டத்திலே நிலைமை வேறுவிதமானது. கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கங்களில் ஐம்பத்தைந்து வயதான பெண்ணொருத்தியை வேலையிலிருந்து நீக்குவது பெரும்பாலும் கணக்குப்பிள்ளையல்ல, அவளுடைய முழங்கால்களே. மழையில் வழுக்கும் சரிவிலே கூடையைச் சுமந்து ஏறவேண்டும். குறித்த நிறைக்குக் கொழுந்து எடுக்கவேண்டும். பல தோட்டங்களில் அது பதினெட்டுக் கிலோ அளவினது. நிறை குறைந்தால் அன்றைக்கு 'அரைப்பேர்' விழும், பாதிச் சம்பளந்தான். அரைப்பேர் பலநாள் விழுந்தால் சேமலாப நிதிக்குச் செல்லும் பங்கும் அதற்கேற்பச் சுருங்கிவிடும். சட்டம் வேலையைக் காக்கலாம். கொழுந்தின் நிறையைக் காக்க அதனால் இயலாது.

ஆகவே பலர் ஐம்பதுகளிலேயே பெயரை எடுத்துவிடுகின்றனர். மகளின் கலியாணம், பழைய கடன், வீட்டுக் கூரை என்று சேமலாப நிதிப் பணத்துக்குக் காரியங்கள் முன்னரே காத்திருக்கின்றன. சேவைக்காலப் பணிக்கொடையும் அவ்வாறே. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்தாண்டுக்குக் குறையாது உழைத்த நாட்சம்பளக்காரருக்கு ஆண்டொன்றுக்குப் பதினான்கு நாட் சம்பளம் உரியது. 2024 செப்டெம்பரில் விதிக்கப்பட்ட 1,350 ரூபாய் நாட்சம்பளத்தை வைத்துக் கணக்கிட்டால், முப்பது ஆண்டுச் சேவைக்கு 5,67,000 ரூபாய் வரும். தொகை பெரிதாகத் தோன்றும். எஞ்சிய இருபது ஆண்டு வாழ்வுக்குப் பங்கிட்டால், மாதமொன்றுக்கு ஏறக்குறைய 2,360 ரூபாய். வேலையைவிட்ட முப்பது நாட்களுக்குள் இதனைக் கொடுக்கவேண்டும். ஆனால் அரசாங்கத் தோட்டங்கள் சிலவற்றில் இந்நிலுவைகள் ஆண்டுக்கணக்கில் தேங்கிக்கிடந்தமை பாராளுமன்றத்திலும் பேசப்பட்ட விஷயம்.

பணம் செலவானபின் அதே பெண் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்க மீண்டும் மலைக்கு வருகிறாள். எடுத்த கிலோவுக்குக் காசு. சேமலாபமும் இல்லை, பணிக்கொடையும் இல்லை. அவள் இளைப்பாறியது ஏட்டில் மட்டுமே. லயத்து அறையும் அவளுக்கு உரித்தானதன்று. பிள்ளையொருவர் தோட்டத்திலே பெயர் பதிந்திருந்தால் மனத்துக்கு ஒரு தெம்பு. பிள்ளைகள் எல்லாரும் கொழும்புக்குப் போய்விட்ட குடும்பங்களில் அந்தத் தெம்பும் இல்லை.

இன்னுமொரு சிறிய இடையூறும் உண்டு. சிறிதாயினும் மாதக்கணக்கில் அலையவைப்பது. தோட்டத்துப் பதிவில் மாரியாயி, அடையாள அட்டையில் மாரியம்மா, பிறப்புச் சான்றிதழில் வேறொரு பெயர். இருவரும் ஒருவரே என மெய்ப்பிக்கும்வரை பணம் வெளிவராது. ஐம்பத்தைந்தில் இத்தவறு கண்டால், சாட்சி சொல்லக்கூடிய பழைய கணக்குப்பிள்ளை உயிரோடிருப்பதும் நிச்சயமில்லை. நாற்பது வயதில், வேலையும் பலமும் உள்ளபோதே, சேமலாப நிதிக் கணக்குக் கூற்றையும் அடையாள அட்டையையும் அருகருகே வைத்துப் பார்த்து, பிழையிருப்பின் தோட்டத்துக் காரியாலயத்திலும் தொழில் அலுவலகத்திலும் திருத்திக்கொள்ளலாம்.